நாலாவது வரியில் கங்கம்மா

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பதினேழு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவன் நான். பெயர் துளசிராமன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஷெட்டின் இந்தக் கோடியில் நான் கத்தினால் அந்தக் கோடியில் டீ குடிக்கிறவன் கிளாஸைக் கீழே வைப்பான். அப்படிப்பட்டவன், கத்தியே ஆகவேண்டிய ஒரு நாளில் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அன்றைக்கு வேலையை இழந்தவள் கங்கம்மா. மூன்று வருஷம் ஆகிறது. யாரிடமாவது சொல்லித் தொலைத்தால்தான் எனக்கு ஆறும்.

கங்கம்மாவுக்கு ஊர் ஆரம்பாக்கம் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போனபோது இவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணம் ஆன நாலாம் வருஷம், லாரியில் சூளூர்பேட்டைக்குப் போன புருஷன் அங்கேயே வேறு ஒருத்தியோடு தங்கிவிட்டான். பிள்ளை கிடையாது. அப்பா போய், அம்மாவும் போன பிறகு, கவரைப்பேட்டையில் ரயில்வே கேட்டை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு தனியாக இருந்தாள். எங்கள் கம்பெனிக்கு வந்தது தொண்ணூற்றெட்டில், முப்பத்து நாலு வயதில்.

எங்கள் கம்பெனியில் வண்டிகளுக்கு ஒயர் செட் கட்டுவார்கள். சாவியைத் திருப்பினால் விளக்கு எரிய, அமுக்கினால் ஹாரன் அடிக்க, வண்டிக்குள்ளே ஒரு ஒயர்க் கட்டு ஓடுகிறதல்லவா, அதுதான். பதினாலு ஒயர், பதினாலு நிறம். ஒவ்வொரு முனையையும் கனெக்டரில் அதனதன் ஓட்டையில் சொருகி, 'டிக்' என்று சத்தம் கேட்டதும் ஒரு முறை இழுத்துப் பார்த்து, டேப் சுற்றி, தட்டில் போட வேண்டும். மேஜைக்கு ஆறு பெண்கள். ஆளுக்கு எழுபது, மேஜைக்கு நானூற்று இருபது செட் ஒரு ஷிஃப்டுக்கு. கங்கம்மா எண்பத்திரண்டு போடுவாள். அதுவும் ஒயரைப் பார்க்காமல், பக்கத்தில் இருப்பவள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே.

பேச்சு என்றால் பேச்சு, அப்படி ஒரு பேச்சு. காலையில் ரயிலில் பார்த்த சண்டை, கேண்டீன் சாம்பாரில் விழுந்த கரண்டி, அதே மேஜையில் இருக்கும் சோனியாவின் குழந்தைக்கு முளைத்த பல், எல்லாம் அந்த மேஜையில் அலசப்படும். ஒரு நாள் எனக்கே பொறுக்கவில்லை.

"ஏம்மா, உனக்கு வாய் வலிக்காதா?" என்றேன்.

"ஊட்டுக்குப் போனா பல்லி ஒண்ணுதான் சார் கீது. அதுவும் அவசரத்துக்குக் கூப்ட்டா வராது. இங்க பேசினாத்தான் உண்டு" என்றாள். மேஜையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மற்றவர்கள் லீவை எண்ணிக்கொண்டு இருப்பார்கள். இவளுக்கு லீவு என்றாலே முகம் விழுந்துவிடும். தீபாவளிக்கு முந்தின நாள், "மூணு நாளா சார்? ஒரு நாளாவது ஓவர்டைம் வெச்சிருக்கலாம்ல?" என்று என்னிடம் வந்து கேட்ட ஒரே ஜீவன் அவள்தான்.

அந்த மேஜையில் ஒரு பழக்கம் இருந்தது. 'தள்ளிவுடறது' என்பார்கள். ஒருத்திக்கு ஜுரம், ஒருத்திக்கு வயிற்று வலி, ஒருத்தி வீட்டில் சண்டை போட்டுவிட்டு அழுத கண்ணோடு வந்திருக்கிறாள் என்றால், பக்கத்தில் இருப்பவர்கள் தாங்கள் முடித்த செட்டில் ஐந்தோ ஆறோ அவள் தட்டில் தள்ளிவிடுவார்கள். "போதும்டி, எனக்கு வந்துடுச்சு" என்று அவள் சொன்னதும் நிறுத்திவிடுவார்கள். கம்பெனிக்கு மேஜைக் கணக்குதான் என்பதால் நானும் கண்டுகொள்ள மாட்டேன். அதிகம் தள்ளிவிட்ட கை கங்கம்மாவின் கை. சோனியா பிரசவத்துக்குப் போகிற முந்தின வாரம் வரை அவளுடைய வேலையில் பாதியைச் செய்தது இவள்தான்.

இரண்டாயிரத்து ஆறு, பொங்கல் லீவு முடிந்து போனால் ஒவ்வொரு மேஜைக்கும் மேலே கதவு அகலத்துக்கு ஒரு கறுப்பு எலக்ட்ரானிக் போர்டு தொங்குகிறது. ஆறு மேஜைக்கு ஆறு போர்டு. ஒவ்வொருத்தியும் உட்காரும் இடத்தில் மேஜை விளிம்பில் கோடு கோடாக ஒரு ஸ்டிக்கர். ஒரு செட் முடித்ததும் அதில் ஒட்டியிருக்கும் எண் சீட்டையும் தன் ஸ்டிக்கரையும் ஸ்கேனரால் தொட வேண்டும். 'பீப்' என்றதும் போர்டில் அவள் பெயருக்கு நேரே எண்ணிக்கை ஒன்று ஏறும். எட்டு நிமிஷம் ஏறாவிட்டால் பெயர் சிவப்பாகி மின்னும், கீச்சென்று பஸ்ஸர் அடிக்கும். எங்கள் புரொடக்ஷன் மேனேஜர் ஆதிநாராயணன் அதைக் காட்டிக் காட்டிப் பேசினார். "இனிமே யார் உழைக்கிறாங்க, யார் ஓபி அடிக்கிறாங்கன்னு சென்னை ஆபீஸ்ல உக்காந்தே பாக்கலாம்" என்றார். நானும் மண்டையை ஆட்டினேன். எனக்கும் அந்தப் போர்டைப் பார்த்தால் பெருமையாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன்.

போர்டில் பெயர்கள் இங்கிலீஷில் வந்தன. கங்கம்மா அஞ்சாவது வரை படித்தவள். எண் தெரியும், தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பாள், இங்கிலீஷ் தெரியாது.

"இதுல நான் எங்க சார் கீறேன்?" என்று கேட்டாள்.

உட்காரும் வரிசைப்படிதான் பெயர்கள் இருந்தன. "நாலாவது வரி உன்னுது. அத்த மட்டும் பாரு, போதும்" என்றேன். நான்தான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

இரண்டாவது வாரம் சென்னை ஆபீஸில் அந்த வரிசையை மாற்றினார்கள். அதிகம் போட்டவள் மேலே, குறைவு கீழே. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பெயர்கள் இடம் மாறும். எனக்கு ஒரு தாளில் தகவல் வந்தது. படித்தேன், மடித்துப் பையில் வைத்தேன். கங்கம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் நாலாவது வரியையே பார்த்துக்கொண்டு இருந்தாள். ஸ்கேனரால் தொடுவாள், நிமிர்ந்து பார்ப்பாள், எண் ஏறாது. அது வேறு எவளோ ஒருத்தியின் எண் ஆயிற்றே, எப்படி ஏறும்? விழவில்லையாக்கும் என்று திரும்பவும் தொடுவாள். ஒரே சீட்டை இரண்டு முறை தொட்டால் மெஷின் ஒத்துக்கொள்ளாது. நீளமாகக் கத்திவிட்டு, அவளுடைய ஸ்கேனர் நின்றுவிடும். நான் வந்து பாஸ்வேர்டு போட்டுத் திறந்துவிட வேண்டும். எனக்கு ஆறு மேஜை. நான் வருவதற்குள் அவள் பெயர் சிவப்பாகிவிடும். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை இப்படி. "மறுபடியும் நீயா? கையில இன்னா நடுக்கமா?" என்று எல்லார் எதிரிலும் கத்துவேன். குனிந்து அடுத்த ஒயரை எடுப்பாள்.

எண்பத்திரண்டு எழுபதானது, அறுபத்தைந்தானது. அவள் மட்டும் இல்லை, மேஜையே இறங்கியது. சிவப்பு வந்துவிடுமே என்று பாத்ரூம் போக பயந்து, தண்ணீர் குடிப்பதைப் பெண்கள் நிறுத்திவிட்டார்கள். பேச்சு நின்றது. தள்ளிவிடுவதும் நின்றது, தன் பெயருக்கு ஏறவேண்டியதை யார் கொடுப்பார்கள்? ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு முறை நிமிர்ந்து போர்டைப் பார்ப்பது, குனிந்து எங்கே விட்டோம் என்று ஒயரைத் தேடுவது. நானூற்று நாற்பது போட்ட மேஜை நானூறைத் தொடத் திணறியது. "பாத்தீங்களா, இத்தனை நாள் எப்படி ஏமாத்திருக்காங்க" என்றார் மேனேஜர். மெஷின் வந்த பிறகுதானே சார் குறைந்தது என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை.

கங்கம்மா தன் எண்ணிக்கையை யாரோ திருடுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள். பக்கத்து இடம் மெஹர்னிசாவுடையது. பழவேற்காட்டுக்காரி, வெடுக்கென்று பேசுகிறவள், ஆனால் எட்டு வருஷமாக ஒரே டப்பாவில் கைபோட்டு நாஷ்டா சாப்பிட்டவர்கள் இரண்டு பேரும். ஒரு நாள் கேண்டீனில் எல்லார் முன்னாலும் கங்கம்மா கேட்டுவிட்டாள்.

"என் செட்டு உன் ஸ்டிக்கர்ல ஏறுது மெஹரு. இத்தினி நாள் பழகினதுக்கு இதான் மரியாதையா?"

மெஹர்னிசாவின் முகம் சுண்டிவிட்டது. "அல்லா மேல ஆணையா எனக்கு ஒண்ணியும் தெரியாது. என்னையா திருடின்னு சொல்ற?" என்றாள். டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. மற்ற நாலு பேரும் மெஹர்னிசா பக்கம். கங்கம்மா கேண்டீனில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். ஸ்கேன் செய்யும்போது இடது கையால் தன் ஸ்டிக்கரை மறைத்துக்கொள்வாள்.

பிப்ரவரிக் கடைசியில்தான் உண்மை தெரிந்தது. ஒரே நாளில் ஏழாவது முறை ஸ்கேனர் நின்று நான் போனபோது அவள் அழுதுவிட்டாள். "எத்தினி போட்டாலும் அந்த நாலாவது வரி ஏற மாட்டேங்குது சார். நான் இன்னா பண்ணட்டும்?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போதாவது ஒரு நல்ல வார்த்தை சொன்னேனா? என் தப்பு வெளியே வந்துவிடுமே என்ற பதைப்பில் அவள் மேலேயே பாய்ந்தேன். "ஒரு மாசமா வாயில இன்னா கொழுக்கட்டையா? இத்தக் கேட்டா இன்னா?" என்று கத்தினேன். கத்தி முடித்துவிட்டு, ஒரு துண்டுத் தாளில் அவள் பெயரை இங்கிலீஷில் பெரிதாக எழுதி ஸ்டிக்கர் பக்கத்தில் ஒட்டினேன். "இந்த மாதிரி எங்க கீதோ, அதான் நீ. வரிய எண்ணாத" என்றேன்.

கங்கம்மா தாளைப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள். மேலே இருந்து மூன்றாவதாக இருந்தது. "அப்போ மெஹரு திருடலியா?" என்று மட்டும் கேட்டாள்.

மன்னிப்புக் கேட்கப் போகலாம் என்றால் மேஜையில் வாய் திறக்க முடியாது, பஸ்ஸர் அடிக்கும். கேண்டீனில் மெஹர்னிசா இவளைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவாள். அவளுக்கும் ரோஷம் இருக்காதா?

அதோடு கையும் கெட்டுவிட்டது. ஒவ்வொரு செட்டுக்கும் தாளைப் பார்த்து, போர்டில் அதே மாதிரி எழுத்தைத் தேடிப் பிடித்து, எண் ஏறியதா என்று பார்த்து, பிறகுதான் அடுத்த ஒயரை எடுப்பாள். சந்தேகம் உள்ளே போய்விட்டால் கைக்கு வேகம் வருமா? எட்டு வருஷத்தில் ஒரு செட் தப்பாகாதவள், டெஸ்டிங்கில் விளக்குக்கு அமுக்கினால் ஹாரன் அடிக்கிற மாதிரி இரண்டு ஒயரை மாற்றிச் சொருகியிருந்தாள். ஐம்பத்தைந்து, ஐம்பத்திரண்டு என்று இறங்கிக்கொண்டே போனது. மேஜையின் கடைசிப் பெயர் இப்போது அவளுடையதுதான். தேட வேண்டிய அவசியம்கூட இல்லை, ஆனாலும் தேடுவாள்.

மார்ச் கடைசியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஏப்ரல் மாதச் சராசரி அறுபதுக்குக் கீழே இருந்தால் வேலை இல்லை. கங்கம்மா என்னிடம் வந்தாள்.

"சார், இந்த எடம் பூட்டா எனக்கு வேற எடம் கெடைக்கும். இறால் கம்பெனில கூப்புடறாங்க. சோத்துக்குப் பயமில்ல" என்றாள். "ஆனா அங்க யாரு சார் கீறாங்க? இதுங்கதான் எனக்கு மனுசங்க. இப்ப பேசலன்னாலும் பக்கத்துல உக்காந்துக்கினு கீதுங்கல்ல?"

"கையப் பாத்து வேலைய செய்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் பாதியில் அவளுடைய சராசரி ஐம்பத்தொன்று. ஒரு நாள் காலை நான் அந்தப் பக்கம் போனபோது, மெஹர்னிசா போர்டைப் பார்க்கிற மாதிரி தலையைத் தூக்கிக்கொண்டு, கையால் மட்டும் இரண்டு செட்டை கங்கம்மாவின் தட்டில் தள்ளினாள். கங்கம்மா திரும்பிப் பார்த்தாள். மெஹர்னிசா பார்க்கவே இல்லை. கங்கம்மா அந்த இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், பிறகு ஒவ்வொன்றாகத் தன் பெயரில் ஏற்றினாள். நான் வேறு பக்கம் திரும்பி, ஒன்றும் பார்க்காதவன் போலப் போய்விட்டேன். பதினேழு வருஷத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

விபரீதம் எதில் வந்தது தெரியுமா? மெஹர்னிசா மட்டும் தள்ளவில்லை. சோனியாவும் தள்ளினாள். மற்ற மூன்று பேரும் தள்ளினார்கள். முன்பு மாதிரி இருந்தால் பேசி வைத்துக்கொள்வார்கள், "போதும்டி" என்று ஒரு குரல் வரும். இப்போது வாய் திறக்க வழியில்லை. யார் எத்தனை தள்ளுகிறாள் என்று அடுத்தவளுக்குத் தெரியாது. ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் தள்ளுகிறோம் என்று நினைத்து, தனக்கு அறுபத்திரண்டு வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளினாள். தட்டில் விழுவதை வேண்டாம் என்று சொல்ல கங்கம்மாவுக்கும் மனசு வரவில்லை. மூன்று மாதமாக யாரும் முகம் கொடுத்துப் பேசாதவளுக்கு, அந்த ஒயர்க் கட்டுகள்தான் பேச்சு. அத்தனையையும் தன் பெயரில் ஏற்றினாள்.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி கங்கம்மாவின் எண் தொண்ணூற்றொன்று. ஆறு போர்டிலும் அதுதான் முதல். சராசரி அறுபதைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் கிளம்பும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். "தப்பிச்சிட்டேன் சார்" என்றாள். நானும் சிரித்தேன். இரண்டு முட்டாள்களும் சேர்ந்து சிரித்தோம்.

அடுத்த வாரம் ஆதிநாராயணன் என்னைக் கூப்பிட்டார். வாயெல்லாம் பல். "ஹெட் ஆபீஸ்ல கேக்கறாங்க சார், யார் இந்த கங்கம்மான்னு. அம்பதுல இருந்து தொண்ணூத்தி ஒண்ணு! அவங்க கை எப்படிப் போகுதுன்னு படம் எடுத்து எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கணுமாம்" என்றார். அதற்கும் மண்டையை ஆட்டினேன்.

ஷெட்டின் ஓரத்தில் கண்ணாடி அறை ஒன்று இருந்தது. அதில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு கேமரா. சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் கையில் ஸ்டாப்வாட்ச். கங்கம்மாவை அங்கே தனியாக உட்கார வைத்தார்கள். மூன்று நாள். வெளியே அவளுடைய ஐந்து பேரும் தெரிகிறார்கள், சத்தம் கேட்காது. முதல் நாள் நாற்பத்தொன்பது. இரண்டாம் நாள் நாற்பத்தேழு. மூன்றாம் நாள் மத்தியானத்துக்குப் பிறகு அவள் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியாக மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டவில்லை.

நாலாம் நாள் காலையில் மேனேஜர் அறைக்கு என்னையும் கங்கம்மாவையும் கூப்பிட்டார்கள். ஆதிநாராயணன் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே இருப்பவன் அவரைக் குடைகிறான். ஆனால் அன்று அவருக்கும் கோபம்.

"ரெண்டுல ஒண்ணுதாம்மா. அந்தத் தொண்ணூத்தி ஒண்ணு பொய். அப்படின்னா அந்த மேஜை ஆறு பேரும் வீட்டுக்குப் போங்க. இல்ல, அது நிஜம்; டார்கெட்டை ஏத்திடுவாங்கன்னு இப்ப நீ வேணும்னே மெதுவாப் பண்ற. எது, சொல்லு."

கங்கம்மா என்னைப் பார்த்தாள்.

நான் பேசியிருக்க வேண்டும். வரிசை மாறியதைச் சொல்லாமல் விட்டது நான், அதனால்தான் அவள் கை கெட்டது, தள்ளிவிட்டதைப் பார்த்தும் விட்டது நான் என்று மேஜையில் அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். ஷெட்டே அதிரக் கத்தத் தெரிந்தவன்தானே நான்? சுவரில் காலண்டர் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரிடையர் ஆக இரண்டு வருஷம் இருந்தது. பயந்தாங்கொள்ளிப் பயல் நான், வேறு என்ன சொல்ல?

"தொண்ணூத்தி ஒண்ணு என் கை செஞ்சதுதான் சார்" என்றாள் கங்கம்மா. "இப்ப வேணும்னுதான் மெதுவா செஞ்சேன். அதுங்களுக்கு ஒண்ணியும் தெரியாது."

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கேட் வரை நான்தான் கூடப் போனேன். டிபன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள்.

"சார், மேஜையாண்ட ஒரு தபா போயி சொல்லிக்கினு வந்துடட்டா? மெஹராண்ட ஒரு வார்த்த சொல்லணும். அன்னிக்கி கேண்டீன்ல நான் பேசினது தப்பு."

"லைன் ஓடிக்கினு கீதும்மா. இப்ப போனா போர்டுல செவப்பு வந்துடும்" என்றேன்.

"ஆமாமா, அதுங்களுக்கு பேஜாரு. வேணாம்" என்று தலையாட்டினாள். போய்விட்டாள்.

மறுநாள் போர்டில் அவள் பெயர் அப்படியே இருந்தது. சென்னை ஆபீஸில் இன்னும் எடுக்கவில்லை. கடைசி வரியில், சிவப்பில், பூஜ்யம். ஸ்டிக்கரும் நான் எழுதி ஒட்டிய தாளும் காலி இடத்தில் அப்படியே இருந்தன. பத்து மணிக்கு நிமிர்ந்து பார்த்தேன். பூஜ்யம் ஒன்றாகி இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். பதினொன்றரைக்கு இரண்டு. ஷிஃப்ட் முடியும்போது ஐந்து.

மேஜைக்குப் போனேன். ஐந்து பேரும் குனிந்த தலை நிமிரவில்லை. "இன்னாம்மா இது?" என்றேன்.

"இன்னா சார்?" என்றாள் மெஹர்னிசா, டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே. "கங்காக்கா இன்னிக்கி கொஞ்சம் லேட்டு. அவ்ளோதான்."

அவள் கண் கலங்கி இருந்தது. மூத்தவன் என்ற நினைப்பே இல்லாமல் எனக்கும் கலங்கியது.

என் வீடு மீஞ்சூரில். தினமும் ஆறு பத்து வண்டி. அன்றைக்கு வழியில் கவரைப்பேட்டையில் இறங்கினேன். ரயில்வே கேட்டை ஒட்டி மூன்றாவது வீடு. கங்கம்மா என்னைப் பார்த்ததும் பதறிப்போய், இருந்த ஒரு நாற்காலியை வாசலில் போட்டாள். தான் நிற்கிறேன் என்றாள். நான் விடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு நாற்காலி வாங்கி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"உன் பேர் இன்னும் போர்டுல கீது. இன்னிக்கி அஞ்சு ஏறியிருக்கு" என்றேன்.

முதலில் புரியவில்லை. பிறகு விளங்கியது. "அஞ்சா? அப்போ மெஹரும் தள்ளிச்சா?"

"மொத செட்டே அதுதான்" என்றேன், பார்த்தவன் போல.

"நெஜமாவா சார்?" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அப்புறம் பேச ஆரம்பித்தாள் பாருங்கள்! பழைய பேச்சு, நிற்காத பேச்சு. சோனியா குழந்தைக்கு எத்தனை பல், கேண்டீனில் இன்றைக்கு என்ன குழம்பு, எல்லாம் கேட்டாள். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. நான் எழுந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நாளைக்கும் வந்து எத்தினின்னு சொல்லிட்டுப் போறியா சார்? உன் வண்டி இங்க நின்னுட்டுதான போவுது?"

"வரேம்மா" என்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சென்னையில் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். போர்டில் ஐந்தே வரி. மத்தியானம் ஒருவர் வந்து பிளேடால் ஸ்டிக்கரைச் சுரண்டினார். நான் எழுதிய தாளும் அதோடு போனது. சாயங்காலம் சொல்வதற்கு என்னிடம் எண் எதுவும் இல்லை. பெயரை எடுத்துவிட்டார்கள் என்று போய் எந்த வாயால் சொல்வது? நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே நினைத்தேன். பிறகு ரயிலில் கேட் தெரியாத பக்கத்து ஜன்னலில் உட்காரப் பழகிக்கொண்டேன்.

ஜூலையில் ஒரு நாள் மனசு கேட்காமல் இறங்கினேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஜானகியம்மாள் முறத்தோடு வெளியே வந்தார்.

"கங்கம்மாவா? அது தடா பக்கம் இறால் கம்பெனிக்குப் பூட்ச்சே, அங்கியே தங்கிக்கினு செய்யுது. பத்து நாள் ஆவுது" என்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீதான் அந்த கம்பெனி சாரா?"

"ஆமாம்மா."

"நல்ல ஆளு சார் நீ. தெனம் சாய்ந்தரம் என்னாண்ட வந்து சேர் வாங்கிக்கினு போவும். வாசல்ல அதோடது ஒண்ணு, என்னோடது ஒண்ணு, ரெண்டு போட்டுக்கினு உக்காரும். இன்னாத்துக்கும்மா ரெண்டுன்னு கேட்டா, கம்பெனில இருந்து சார் வருவாருன்னு சொல்லும்."

அவர் முறத்தைத் தட்டினார்.

"வண்டி வந்து நின்னு, போற வரிக்கும் பாக்கும். அப்பறம் என் சேரை எடுத்தாந்து குடுத்துட்டு, உள்ள போயி கதவ சாத்திக்கும். ஊட்ட காலி பண்ற அன்னிக்கி வரிக்கும் அப்டிதான் சார்."

மீஞ்சூருக்கு அடுத்த வண்டி ஏழு மணிக்கு மேல்தான். அது வரும் வரை பிளாட்ஃபாரத்தில் நின்றுகொண்டே இருந்தேன். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை.